மைக்கை மாற்றும் முன்: வீட்டுப் பதிவில் வரும் கோளாறுகளைப் பிடிக்கும் வழி

"அண்ணே, புது மைக் வாங்கிரலாமா?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிச் சொல்வது ஒன்றுதான்: "முதல்ல முப்பது செகண்ட் பேசி, எடிட் எதுவும் பண்ணாம அப்படியே அனுப்புப்பா." வருகிற முப்பது நொடியில் மைக் மேல் குற்றம் இருப்பது அபூர்வம். அறை எதிரொலிக்கும், கேபிள் ஏமாற்றும், பட்டியலில் வேறு மைக்கைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், இரண்டு மென்பொருள்கள் ஒரே குரலுக்காக அடித்துக்கொள்ளும். வீட்டில் உட்கார்ந்து சிறுகதை வாசித்துப் பதிவதில் இந்தத் தப்புகளில் முக்கால்வாசியை நானும் செய்திருக்கிறேன்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். எந்தப் பாதியைப் படிக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

முதல் சோதனை: வழியைச் சுருக்குங்கள்

வாய்ஸ்மீட்டர் (கணினியின் ஒலியை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் மென்பொருள்), ஓபிஎஸ் (திரையையும் ஒலியையும் சேர்த்துப் பதியும் மென்பொருள்), ஜூம் என்று திறந்திருப்பதை எல்லாம் மூடுங்கள். மைக்கை ஹப் (ஒரு யூ.எஸ்.பி துளையைப் பலவாக்கும் பெட்டி) இல்லாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளைத் திறந்து, ரெக்கார்டிங் கருவியாக மைக்கின் பெயரையே தேர்ந்தெடுங்கள். 'டீஃபால்ட்' என்று இருப்பதை நம்ப வேண்டாம். பத்து நொடி வாயைத் திறக்காமல் இருங்கள், பிறகு இருபது நொடி பேசுங்கள். ஹெட்போனில் கேளுங்கள்.

கோளாறு இதிலும் இருந்தால் அது மைக், அறை, கேபிள், மின்சாரம் இவற்றில் ஒன்று. இதில் இல்லாமல் ஜூமிலோ ஓபிஎஸ்ஸிலோ மட்டும் வந்தால் ரூட்டிங்கில்தான், அதாவது ஒலி ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில்தான், சிக்கல். இதைச் செய்யாமல் வாய்ஸ்மீட்டரில் பொத்தான் பொத்தானாக அழுத்திப் பார்ப்பது, இருட்டில் சாவி தேடுகிற வேலை.

அலையே விழவில்லை, கோடு தட்டையாக இருக்கிறது

மைக்கில் விளக்கு எரியும், ஆனால் கணினியின் பட்டியலில் மைக் பெயரே இருக்காது. கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் செய்கிற கேபிள்கள் ஏராளம். அவற்றில் மின்சாரம் போகும், தரவு போகாது. போனிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றிய கேபிள் வீட்டில் எங்காவது கிடக்கும். அதைப் போட்டுப் பாருங்கள்.

பெயர் இருக்கிறது, ஒலி இல்லை என்றால் முதலில் மைக்கின் மியூட் பொத்தான். சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டியிருப்போம். அடுத்தது அனுமதி. விண்டோஸில் 'பிரைவசி' பகுதியில் மைக்ரோஃபோன் பக்கத்தின் அடியில் 'டெஸ்க்டாப் ஆப்ஸ்' என்று தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. மேலே உள்ளதைப் போட்டுவிட்டு இதை விட்டுவிடுவார்கள். மேக்கில் அனுமதி கொடுத்த பிறகு செயலியை மூடித் திறக்க வேண்டியிருக்கும். ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் செருகியிருந்தால் அதற்கு மைக் வந்ததே தெரியாது. 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' கொடுங்கள்.

பதிவாகிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது

இதில் நிறைய இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் நகச் சோதனை. பதிவை ஓடவிட்டு, மைக்கின் உடம்பை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பிறகு லேப்டாப் மூடியின் விளிம்பைச் சுரண்டுங்கள். எது 'கர்ர்' என்று காதைக் கிழிக்கிறதோ அதுதான் பதிவாகிற மைக். தெரிந்த தம்பி ஒருவர், நல்ல கண்டென்சர் மைக்கை (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ஒரு முழு அத்தியாயத்தை லேப்டாப் மைக்கில் பதிந்து முடித்திருந்தார். சுரண்டச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

சரியான மைக்தான் என்றால், எந்தப் பக்கம் பேசுகிறீர்கள் என்று பாருங்கள். மேடையில் பாடகர் பிடிக்கிற மைக்கில் நுனியில் பேச வேண்டும். யெட்டி போன்ற நின்ற உருளைகளில் பக்கவாட்டில், முத்திரை உள்ள முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். நான் மூன்று வாரம் உச்சந்தலையில் பேசிக்கொண்டிருந்தேன். குரல் மந்தமாகவே விழும், நானும் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவேன்.

அதே உருளைகளில் பின்பக்கம் திசையை மாற்றும் குமிழ் இருக்கும். இதயம் போல வரைந்திருப்பது கார்டியாய்ட்: முன்னால் இருப்பதைக் கேட்கும், பின்னால் இருப்பதை ஒதுக்கும். தனியாகப் பேசுகிறவருக்கு அது ஒன்றே போதும். வட்டம் போட்டதில் வைத்தால் சமையலறைக் குக்கர் விசில்வரை வந்து உட்காரும்.

இனி தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரத்தை இருமடங்காக்கினால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கிறது. குறைந்த குரலை ஈடுகட்ட கெய்னை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றுவீர்கள், எதிரொலியும் சேர்ந்து ஏறும். கிணற்றுக் குரலின் ரகசியம் இவ்வளவுதான். கண்டென்சர் மைக்குக்கு ஒரு சாண் தூரம் போதும். மேடை மைக் போன்ற டைனமிக் வகையாக இருந்தால் நான்கு விரல் அகலம். அதற்கும் நெருங்கினால் அடிக்குரல் தடித்து வானொலி அறிவிப்பாளர் மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். கதை வாசிப்புக்கு எனக்குப் பிடிப்பதில்லை.

தூரம் சரியான பிறகும் எதிரொலி மிச்சமிருந்தால் அறையைப் பாருங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டினால் 'டிங்' என்று வால் நீளும். இரும்பு பீரோ இருக்கிற அறையில் அதுவும் கூடச் சேர்ந்து அதிரும். துணியைக் கட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எங்கே கட்டுவது என்று சொல்லமாட்டார்கள். கார்டியாய்ட் மைக் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் முகத்துக்குப் பின்னால் இருப்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர். மைக் கேட்பது அந்தச் சுவரைத்தான். ஆகவே ஜமுக்காளமோ கனத்த போர்வையோ உங்கள் முதுகுப் பக்கம் தொங்க வேண்டும். திறந்து வைத்த துணி அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் இன்னும் நல்லது. மைக் மேஜை மேல் நின்றால் அடியில் ஒரு டர்க்கி டவலை விரித்துவிடுங்கள். மேஜைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலியும், விரல் தட்டுகிற சத்தமும் குறையும்.

முட்டை அட்டையை ஒட்ட வேண்டாம். குரலின் அடிப்பகுதியை அது தொடவே தொடாது, தீப்பிடித்தால் குபீரென்று எரியும்.

சத்தமாகப் பேசும்போது உடைகிறது

பதிவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சிகள் குன்று மாதிரி இல்லாமல் கத்தரித்த வேலி மாதிரி தட்டையாக இருந்தால் கிளிப்பிங். அப்படிப் போனது போனதுதான், மறுபடி பேச வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பல மைக்குகளில் கெய்ன் இரண்டு இடத்தில் இருக்கும்: மைக்கில் ஒரு குமிழ், விண்டோஸில் ஒரு ஸ்லைடர். குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு ஸ்லைடரைக் குறைத்தால், எண்ணாக மாறும்போதே உடைந்துபோன அலை அப்புறம் சின்னதாக்கப்படுகிறது. திரையில் மீட்டர் பச்சையாகவே இருக்கும், காதில் மட்டும் கரகரக்கும். உயரம் பாதிதான், ஆனால் உச்சி தட்டை. அப்படி ஓர் அலையைக் கண்டால் கை மைக்கின் குமிழுக்குப் போக வேண்டும். மீட்டரில் 0-தான் உச்ச வரம்பு: சாதாரணப் பேச்சின் உச்சி மைனஸ் 12 டெசிபல் அருகே, கதாபாத்திரம் கத்துகிற இடத்தில் மைனஸ் 6 வரை. அளவு பார்க்கும்போது கதையில் வருகிற பெரிய கத்தலைக் கத்திப் பாருங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று பொதுக்கூட்டக் குரலில் சொல்லிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

உடைவது 'ப' வருகிற இடத்தில் மட்டும் என்றால் அது காற்று. "அப்பா பப்பாளிப் பழம் பறித்தார்" என்று உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள், எங்கே அடிக்கிறது என்று கையே சொல்லும். பாப் ஃபில்டர் (மைக் முன்னால் வைக்கும் காற்றுத்தடுப்பு வலை) வாங்கலாம். அதற்கு முன்னால், மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயோரமாக நகர்த்தி, முகத்தைப் பார்க்கும்படி திருப்பிவையுங்கள். காற்று பக்கத்தில் போய்விடும், குரல் வரும். மிச்சத்துக்கு 80 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது அதற்குக் கீழுள்ள அடி ஒலியை வெட்டும் வடிகட்டி.

பேசாதபோதும் ஏதோ ஒலிக்கிறது

இரைச்சலில் ஜாதி உண்டு. எந்த ஜாதி என்று தெரியாமல் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போட்டால் குரல்தான் சாகும்.

'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒலித்தால் மின்சாரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளான 100, 150-ம் கேட்கும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் பதிந்து பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜர் வழியாக வருகிறது. மூன்று முள் பிளக்கை, எர்த் ஒழுங்காக உள்ள சாக்கெட்டில் செருக வேண்டும். மூன்று முள்ளை இரண்டாக்கும் அடாப்டர் நடுவில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அது பதிவைவிட உங்களுக்கே ஆபத்து.

'கீஈஈ' என்று கொசு மாதிரி மேலே ஒலித்தால் யூ.எஸ்.பி. ஆடாசிட்டியில் அமைதியான பகுதியைத் தேர்ந்தெடுத்து 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' பாருங்கள். 1000, 2000, 3000 ஹெர்ட்ஸில் ஊசி ஊசியாக நிற்கும். யூ.எஸ்.பி.யில் கணினியும் மைக்கும் ஒரு நொடிக்கு ஆயிரம் தடவை பேசிக்கொள்கின்றன. அந்தத் துடிப்பு 5 வோல்ட் மின்சாரத்தில் கசிந்து மைக்கின் ப்ரீ-ஆம்புக்குள் (ஒலியைப் பெருக்கும் பகுதிக்குள்) நுழைகிறது. வேகமான யூ.எஸ்.பி.யில் இதே விஷயம் 8000 ஹெர்ட்ஸில் வரலாம். வேறு துளையில் செருகிப் பாருங்கள். மேஜைக் கணினியானால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கம் போங்கள். தனி அடாப்டர் உள்ள ஹப்பும் பலமுறை கைகொடுக்கும். எதுவும் சரிவராவிட்டால் அந்த அதிர்வெண்களை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடுங்கள், குரலில் தெரியாது.

கடைசியாக மின்விசிறி. சித்திரை மாதத்தில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு உட்காருவது என்றால் அது தவம். நான் பத்துப் பத்து நிமிடமாகப் பதிகிறேன். நடுவில் ஃபேனைப் போட்டு, வேர்வையைத் துடைத்து, மறுபடி. ஃபேன் ஓடியே ஆக வேண்டும் என்றால் தொடங்கியது முதல் முடிக்கிறவரை ஒரே வேகத்தில் ஓடட்டும். தொடக்கத்தில் பத்து நொடி அமைதி பதிந்து, அதையே ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்புக்கு மாதிரியாக (நாய்ஸ் ப்ரொஃபைல்) கொடுங்கள். 6 முதல் 10 டெசிபல் குறைத்தால் போதும். 20, 24 என்று ஆசைப்பட்டால் தண்ணீருக்குள் பேசுகிற குரல் வரும். இன்வெர்ட்டர் பக்கத்து அறைக்குப் போகட்டும். பிரிட்ஜ் எப்போது ஓடும் எப்போது நிற்கும் என்று ஒருநாள் காதால் கவனித்துவிடுங்கள், பிறகு தானாகப் பழகிவிடும்.

ரூட்டிங் போட்டதும் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை

முதல் சோதனையில் தேறி இங்கே வந்தவர்களுக்கு இனி.

விபி-கேபிள் என்பது கணினிக்குள் ஒரு குழாய். ஊற்றுகிற வாய்க்கு 'கேபிள் இன்புட்' என்று பெயர், அது ஸ்பீக்கர் பட்டியலில் இருக்கும். வழிகிற வாய்க்கு 'கேபிள் அவுட்புட்' என்று பெயர், அது மைக் பட்டியலில் இருக்கும். தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பாதவர் இல்லை. பெயர் வைத்தது குழாயின் பக்கம் நின்று, நாம் பார்ப்பது நம் பக்கம் நின்று. அவ்வளவுதான் விஷயம்.

கணினியின் ஸ்பீக்கராகக் குழாய் வாயைத் தேர்ந்தெடுத்த உடனே ஒலி எல்லாம் குழாய்க்குள் போய்விடுகிறது, ஹெட்போனுக்கு ஒன்றும் வராது. இது கோளாறே அல்ல. விண்டோஸில் 'கேபிள் அவுட்புட்'டின் ப்ராபர்ட்டீஸுக்குப் போய் 'லிசன் டு திஸ் டிவைஸ்' போட்டு ஹெட்போனைக் காட்டுங்கள். மேக்கில் பிளாக்ஹோல் என்ற இதே மாதிரிக் குழாயை வைத்திருப்பவர்கள் 'ஆடியோ மிடி செட்டப்'பில் ஒரு மல்டி-அவுட்புட் கருவி உருவாக்கி, ஹெட்போனையும் பிளாக்ஹோலையும் சேர்க்க வேண்டும். ஹெட்போனை முதன்மையாக வைத்து, பிளாக்ஹோலுக்கு 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' டிக் செய்யுங்கள். அதன் பிறகு கீபோர்டில் வால்யூம் பொத்தான் வேலை செய்யாது. மல்டி-அவுட்புட்டின் சுபாவமே அது, உங்கள் தப்பில்லை.

விருந்தினருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கிறது

பேட்டி எடுப்பவர்கள் எல்லோரும் மாட்டுகிற இடம். வாய்ஸ்மீட்டரின் பனானா பதிப்பை வைத்துச் சொல்கிறேன். அதில் பட்டை என்பது உள்ளே வரும் ஒலி ஒன்றுக்கான நிரல்; ஏ1 என்பது ஹெட்போன் போன்ற நிஜக் கருவிக்கும், பி1, பி2 என்பவை மற்ற மென்பொருள்களுக்கும் ஒலி போகிற வழிகள்.

ஜூமின் ஸ்பீக்கர் 'வாய்ஸ்மீட்டர் இன்புட்' பட்டைக்கு வருகிறது. ஜூமின் மைக்காக பி1 கொடுத்திருக்கிறீர்கள். விருந்தினரின் பட்டையில் பி1 பொத்தான் எரிந்துகொண்டிருந்தால், அவர் பேசியது உள்ளே வந்து பி1 வழியாக ஜூமுக்கே திரும்பிப் போகிறது. போய்ச் சேர அரை நொடி. அவருக்குத் தன் குரலே கேட்டுக்கேட்டு நாக்குக் குழறும்.

தீர்வு: விருந்தினர் பட்டையில் ஏ1, பி2 இரண்டு மட்டும் எரியட்டும். உங்கள் மைக் பட்டையில் பி1, பி2 எரியட்டும். ஜூமுக்கு பி1, ஆடாசிட்டிக்கு பி2, உங்கள் ஹெட்போனுக்கு ஏ1. ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிவைத்திருக்கிறேன். அவசரத்தில் மூளை வேலை செய்யாது.

ஆனால் இப்படிப் பதிந்தால் இரண்டு குரலும் ஒரே தடத்தில் கலந்துவிடும். அவர் இருமியதும் நீங்கள் கேள்வி கேட்டதும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் பிரிக்க முடியாது. ஜூமில் கணினியிலேயே பதியும்போது ஒவ்வொருவர் குரலுக்கும் தனித்தனிக் கோப்பு எழுதச் சொல்லும் வசதி இருக்கிறது. அதையும் போட்டுவையுங்கள். விருந்தினர் தன் போனிலேயே ஒரு பதிவு எடுத்து அனுப்பச் சம்மதித்தால் அதைவிட மேல்.

ஹெட்போன் போடாமல் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பேட்டி எடுத்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல் உங்கள் மைக்குக்குள் போகும்.

என் குரல் இரண்டாகக் கேட்கிறது, அல்லது தகர டப்பாவில் பேசுவது போல இருக்கிறது

இரண்டும் ஒரே வியாதி. ஒரே மைக் இரண்டு வழியில் பதிவுக்கு வந்து சேர்கிறது. தாமதம் அதிகமென்றால் இரட்டைக் குரல், சில மில்லி நொடிதான் என்றால் தகர டப்பா. ஓபிஎஸ்ஸில் செட்டிங்ஸிலும் மைக் இருக்கும், காட்சியில் மறுபடி ஒரு மைக் சேர்த்திருப்பீர்கள். ஒன்றை எடுத்துவிடுங்கள். பேசும்போதே குரலைத் திரும்பக் கேட்கவைக்கும் ஆடாசிட்டி வசதியையும் (பழைய பதிப்புகளில் 'சாஃப்ட்வேர் பிளேத்ரூ'), மைக்குக்கு 'லிசன்' போட்டிருந்தால் அதையும் அணையுங்கள்.

பதிவு சுத்தமாக இருந்து, பேசும்போது உங்கள் காதில் மட்டும் குரல் பின்தங்கினால், ஹெட்போனை மைக்கின் அடியில் உள்ள துளையில் செருகுங்கள். அங்கே குரல் கணினியைச் சுற்றிவராமல் நேராக வரும்.

சுருதி கேட்கவே இல்லை, பாட்டு விட்டுவிட்டு வருகிறது

ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுக்கும் மாமி ஒருவர் மாணவியைத் திட்டிக்கொண்டே இருந்தார், சுருதிப்பெட்டி போடாமல் பாடுகிறாளே என்று. அந்தப் பெண் போட்டுக்கொண்டுதான் பாடினாள். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஒலிப்பது இரைச்சல் என்றுதான் ஜூமுக்குத் தெரியும். மின்விசிறியை அழிக்கிற மாதிரி தம்பூராவையும் அழித்துவிடும். நீட்டிப் பிடிக்கிற கார்வையும் பாதியில் தேயும். 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' போட்டுவிட்டு, மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். அந்த டிக் இருந்தால் நீங்கள் வைத்த கெய்னை ஜூம் நகர்த்திக்கொண்டே இருக்கும்.

அழைப்பு வந்ததும் மற்ற ஒலி எல்லாம் அமுங்கினால் விண்டோஸின் பழைய 'சவுண்ட்' ஜன்னலில் 'கம்யூனிகேஷன்ஸ்' தாவலுக்குப் போங்கள். 80 சதவீதம் குறை என்று இருக்கும். 'டு நத்திங்' கொடுங்கள்.

குரல் தடிக்கிறது, மெலிகிறது, நேரம் தப்புகிறது

நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்பதில் (சாம்பிள் ரேட்) ஒரு கருவி 48000, இன்னொன்று 44100. 48-இல் பதிந்ததை 44.1 என்று நினைத்து ஓட்டினால் சுமார் 8 சதவீதம் மெதுவாகி, சுருதி ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். எதிர்ப்பக்கம் போனால் அணில் குரல். விண்டோஸில் மைக், குழாயின் இரண்டு வாய், ஹெட்போன், பிறகு வாய்ஸ்மீட்டர், ஆடாசிட்டி, ஓபிஎஸ் எல்லாவற்றிலும் 48000 வையுங்கள். ஒன்றை விட்டாலும் போச்சு. சீரான இடைவெளியில் 'டிக்... டிக்...' என்று வந்தாலும் முதலில் இங்கேதான் பாருங்கள்.

எல்லாம் 48000 ஆக இருந்தும் இரண்டு யூ.எஸ்.பி மைக்கில் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சு முடிவில் விலகி நிற்கும். ஒவ்வொரு மைக்குக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி. தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு கைதட்டு வைத்தால் பிறகு இழுத்துப் பொருத்திக்கொள்ளலாம்.

நேரங்கெட்ட நேரத்தில் பட் பட்டென்று வெடிக்கிறது

கணினி மூச்சு வாங்குகிறது. வாய்ஸ்மீட்டரில் பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்துத் தரும் இடத்தை) 512-லிருந்து 1024-க்கு ஏற்றுங்கள். மைக் இருக்கிற ஹப்பில் வெப்கேமையும் ஹார்ட்டிஸ்க்கையும் சேர்த்துத் தொங்கவிடாதீர்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் 'யூ.எஸ்.பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணையுங்கள். கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று எல்லாமே போன் பேச்சு மாதிரி இருக்கிறது

புளூடூத் ஹெட்செட். அதன் மைக்கை ஏதோ ஒரு செயலி எடுத்துக்கொண்ட உடனே ஹெட்செட் அழைப்பு நிலைக்கு மாறி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவுக்கு இறங்கிவிடும். பதிவு செய்யும்போது புளூடூத்தை அணைத்துவிட்டு, டிராயரில் கிடக்கிற பழைய ஒயர் இயர்போனை எடுத்துச் செருகுங்கள்.